வாசற்படியோடு நின்றுவிடும் சட்டம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

எங்கள் மேலப்பாளையத்தில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்குமாம். பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த காலத்தில் கேட்டதெல்லாம் கத்தரிக்கோல் சத்தந்தான். இரவு நனைத்து வைத்த இலையைக் காலையில் கத்தரித்து, மடியில் சொளவை வைத்துக்கொண்டு, தூளை அளந்து வைத்துச் சுருட்டி, நூலால் கட்டும் பெண்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். என் உம்மாவும் அவர்களில் ஒருவர். ஆயிரம் பீடி முடித்தால்தான் அன்றைய கூலி கைக்கு வரும். அந்தக் கூலியில் படித்து, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். ஆகையால் பீடித் தொழிலைப் பற்றி நான் எழுதுவது நூல்நிலையத்தில் படித்து மட்டும் எழுதுவதன்று.

ஆனால் இக்கட்டுரை பீடியைப் பற்றியதன்று. பீடி சுற்றும் தாயின் பக்கத்தில் தவழும் குழந்தையைப் பற்றியது. அக்குழந்தையைப் பகல் முழுவதும் யார் பார்த்துக்கொள்வது, எங்கே பார்த்துக்கொள்வது, அதற்கு அரசின் அனுமதி வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படிப்பட்ட அனுமதி வேண்டும் என்பதைப் பற்றியது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்காளின் மகனுக்கு அப்போது ஒரு வயதும் இரண்டு மாதமும். உம்மாவும் அக்காளும் எதிரெதிரே உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சரக்குக் கொண்டுபோகும் நேரம் நெருங்கிவிட்டதால் இருவர் கண்ணும் சொளவின்மேல் இருந்தது. பிள்ளை சொளவின் ஓரத்தில் சிந்திக் கிடந்த தூளை அள்ளி வாயில் போட்டுவிட்டான். சற்று நேரத்தில் வாந்தி எடுத்தான், முகம் வெளிறியது, உடம்பு வேர்த்துக் கொட்டியது. அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இறைவன் அருளால் பிழைத்தான். அன்றிரவு வீடு திரும்பிய உம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதியிருந்த நானூறு பீடியைச் சுற்றி முடித்த பிறகே படுத்தார். மறுநாள் கணக்குக் கொடுக்காவிட்டால் இலை கிடைக்காது.

புகையிலையிலுள்ள நிகோட்டின் ஓர் ஆல்கலாய்டு. அது வாய் வழியாக மட்டுமின்றித் தோல் வழியாகவும் உடலுக்குள் புகும் என்று இப்போது நான் படித்திருக்கிறேன். எங்கள் தெருப் பெண்களுக்கு அதன் பெயர் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு அது ஆகாது என்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வேறெங்கே விடுவது?

அதன் பிறகு அக்காள் தன் மகனை நான்கு வீடு தள்ளியிருக்கும் ஒரு மாமியிடம் விட்டாள். கண்பார்வை மங்கியதால் பீடி சுற்றுவதை விட்டுவிட்டவர் அவர். ஏற்கெனவே ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு விட்டால் மஃரிபுக்கு முன் அழைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு இருபது ரூபாய். சோறு நம் வீட்டிலிருந்து கொடுத்துவிட வேண்டும். அந்த வீட்டில் இலையும் இல்லை, தூளும் இல்லை. எட்டு மாதம் அவன் அங்கே வளர்ந்தான், நன்றாகவே வளர்ந்தான்.

பிறகு யாரோ மாமியிடம், "லைசென்ஸ் இல்லாமல் குழந்தைகளை வைத்திருந்தால் கேஸ் ஆகிவிடும்" என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த அவர் என்னை அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவரிடம் இருந்த தாளில் பள்ளிக்கூடம் நடத்துவோருக்கான விதிகளே இருந்தன. கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்று நான்கைச் சொன்னார். மாமியின் வீட்டுக்குப் பத்திரமே மூன்று பங்காளிகள் பெயரில் கிடக்கிறது. வெளியே வந்ததும் அவர், "பிள்ளைய வச்சிப் பாக்கதுக்கும் கெவுருமெண்டு சீட்டு வேணுமாக்கும்? நமக்கு வேண்டாம்மா இந்த வம்பு" என்றார். மறுநாள் முதல் ஒரு குழந்தையையும் அவர் எடுக்கவில்லை. ஆறு குழந்தைகளும் ஆறு சொளவுகளின் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

குழந்தையைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி குழந்தையை மீண்டும் புகையிலைத் தூளுக்கே அனுப்பியது. இது ஏன் என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன்.

சட்டம் கண்ட வீடு

நம் நாட்டில் பீடித் தொழிலாளருக்கென்றே 1966-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பீடி, சுருட்டுத் தொழிலாளர் (பணி நிலைமைகள்) சட்டம் என்பது அதன் பெயர். பெண்கள் பலர் கூடி வேலை செய்யும் பீடித் தொழிலகத்தில், ஆறு வயதுக்குட்பட்ட அவர்களுடைய குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தொழிலகம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில், 'குடியிருக்கும் தனி வீடு நீங்கலாக' என்று ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டது. பீடித் தொழிலோ வீட்டுக்குள் இருக்கிறது. காப்பகம் தொழிலகத்துக்கு, தொழிலாளியோ வீட்டில். அந்த ஒரு வரியால் எங்கள் தெருவுக்குக் காப்பகம் வரவில்லை.

இது ஒருமுறை நேர்ந்த பிழையன்று. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் சிறுவர்களை வைக்கக்கூடாத வேலைகளின் பட்டியலில் பீடி சுற்றுவதைச் சேர்த்தது. ஆனால் தன் குடும்பத்தாரின் உதவியோடு ஒருவர் நடத்தும் இடத்துக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. பள்ளி விட்டு வந்து பீடியின் வாயை மடித்துவிட்ட சிறுமிகளை அந்தச் சட்டம் பார்க்கவில்லை. அவர்களில் நானும் ஒருத்தி. 2017-ஆம் ஆண்டில் மகப்பேற்றுப் பயன் சட்டம் திருத்தப்பட்டு, ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகம் கட்டாயமாயிற்று. ஆயிரக்கணக்கான பெண்கள் ஒரே ஊரில் ஒரே தொழிலைச் செய்தாலும், ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்திருப்பதால் அவர்கள் ஐம்பது பேராக ஆவதில்லை! 1966-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்பு விதித்தொகுப்பிலும் குடியிருக்கும் வீடு இந்தக் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறது.

அங்கன்வாடி இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கலாம். 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டமும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் செய்துள்ள நன்மையை நான் மறக்கமாட்டேன். நான் சாப்பிட்ட சத்துணவு அதற்குச் சாட்சி. ஆயினும் அங்கன்வாடியில் உட்காரவைப்பது இரண்டு வயது நிரம்பிய பிள்ளையை. அதற்குக் கீழுள்ள குழந்தைக்குச் சத்துமாவு கிடைக்கும். பகல் முழுவதும் இருக்க இடம் கிடைக்காது. தவழத் தொடங்கிய பின், தானாக நடந்து தெருவுக்குப் போகும் வரையுள்ள அந்த ஒன்றரை ஆண்டுதான் தூள் வாய்க்குப் போகும் காலம். அந்தக் காலத்துக்குத்தான் இடம் இல்லை.

கும்பகோணம் கற்பித்தது

அப்படியானால் உரிமமே வேண்டாம், யார் வேண்டுமானாலும் எத்தனைக் குழந்தைகளை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

மாமி நல்லவர். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மாடிப்படிக்குக் கதவு கிடையாது. கேஸ் அடுப்பு தரையில்தான் இருந்தது. முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் இருந்தது. நோன்பு மாதத்தில் தட்டிக்கழிக்க முடியாமல் பதினொரு குழந்தைகளை அவர் எடுத்துக்கொண்ட நாட்களும் உண்டு. ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. நடந்திருக்கக்கூடும் என்பதும் உண்மை. வேறொரு வீட்டில் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்கவும் கூடும். 2012-ஆம் ஆண்டில் போக்சோ சட்டம் வரவேண்டிய நிலைமை நம் நாட்டில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. ஆகவே யாராவது வந்து பார்க்கத்தான் வேண்டும். கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் சமையற்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி, 94 பிள்ளைகள் மடிந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு பள்ளிக் கட்டடங்களுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டதை எவரும் குறைகூற முடியாது. ஆனால் அந்நிகழ்ச்சி கற்பிக்கும் பாடம் என்ன? ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. அவற்றுள் ஒன்று அரசு உதவி பெற்ற பள்ளி. அரசின் ஏட்டில் இடம்பெறாத மறைவிடமன்று அது. தாள்கள் இருந்தன; கூரையையும் அடுப்பையும் குறுகிய மாடிப்படியையும் கண்ணால் பார்த்து, இது கூடாது என்று சொன்னவர் இல்லை. தாள்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, படியேறிப் பார்க்கும் கண்களைக் கூட்டுவதே அப்பிள்ளைகளுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று 2015-இல் ஒழுங்குமுறை விதிகள் வந்தன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கு வகுத்த நெறிமுறைகள் மூன்று முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கானவை. மத்திய அரசின் தேசியக் காப்பகத் திட்டம் 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் என்று கணக்கிட்டது. 2022-இல் அத்திட்டம் 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியுடன் கூடிய காப்பகமாக மாற்றியமைக்கப்பட்டது. இவை யாவும் பயனுள்ளவையே. ஆனால் இவற்றுள் ஒன்றுகூட, தன் வீட்டுக் கூடத்தில் ஐந்தாறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டதன்று. பள்ளிக்கூடத்துக்குத் தைத்த சட்டையை மாமிக்குப் போட்டுப் பார்த்தார்கள், அளவு சேரவில்லை. சேரவில்லை என்றதும், சட்டையை விட்டுவிட்டு மாமியைக் குறை சொல்கிறோம்.

பிற இடங்களில்

வீட்டில் குழந்தை பார்ப்பவருக்கு வேறு அளவில் சட்டை தைத்த நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டிலேயே குழந்தை காப்போருக்கான சட்டம் வந்துவிட்டது. இன்று அங்கே வீட்டில் தனியாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், தம் சொந்தப் பிள்ளைகளையும் சேர்த்து, எட்டு வயதுக்குட்பட்டவர்களில் ஆறு பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அவர்களில் ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் மூவரைத் தாண்டக் கூடாது. குழந்தைக்கான முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களைப் பற்றியும் விசாரிக்கப்படும். வீடு பள்ளிக்கூடமாக மாற வேண்டியதில்லை. குழந்தைக்குத் தீங்கில்லாத வீடாக இருந்தால் போதும்.

நம்மைப் போன்ற ஏழை மக்கள் நிறைந்த கொலம்பியா நாட்டில் 1980-களின் பிற்பகுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. குடியிருப்புப் பகுதிகளில் ஒரு பெண் தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார். உணவுக்கும் பயிற்சிக்கும் அரசு பொறுப்பேற்கும். அப்பெண்களைச் 'சமூகத் தாய்மார்' என்று அழைத்தார்கள். அழகான பெயர்தான். ஆனால் அந்தத் தாய்மாருக்கு முறையான வேலை ஒப்பந்தமும் குறைந்தபட்ச ஊதியமும் கிடைக்க 2014 வரை ஆயிற்று. தாய் என்று பெயர் சூட்டிக் கூலியைக் குறைத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அந்நாடு நமக்குத் தருகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? டெல்லியில் கட்டடத் தொழிலாளரின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் 1969-இல் தொடங்கிய 'மொபைல் கிரெச்சஸ்' அமைப்பு, கட்டடம் எழும் இடத்துக்கே காப்பகத்தைக் கொண்டுபோனது. அண்டை மாநிலமாகிய கர்நாடகம், ஊரக வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளுக்காக ஊராட்சிகளில் 'கூசின மனே' என்ற பெயரில் 2023-இல் காப்பகங்களைத் தொடங்கியது. கூசின மனே என்றால் குழந்தையின் வீடு என்று பொருள். தாய் வேலை செய்யும் இடத்தை நோக்கிக் காப்பகம் போகிறது. எங்கள் தாய்மார் வேலை செய்யும் இடம் வீடு. எங்கள் காப்பகமும் தெருவுக்குள், வீட்டுக்குள் வந்தாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது மாணவர்க்கு அழகன்று. எனக்குத் தோன்றியவற்றைப் பேராசிரியப் பெருமக்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

முதலாவது, வீட்டுக் காப்பகத்துக்கென்று தனியாக ஓர் எளிய பதிவு முறை வேண்டும். அதற்கு ஒரு தாள் போதும், கட்டணம் கூடாது. அதை மாநகராட்சியின் வார்டு அலுவலகத்திலேயே கொடுக்கும்படி இருக்க வேண்டும். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் குழந்தையின் பாதுகாப்போடு சேர்த்துக் குழப்பக் கூடாது.

இரண்டாவது, எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். ஒருவர் பொறுப்பில் ஆறு குழந்தைகள். அவர்களில் இரண்டு வயதுக்குட்பட்டோர் மூவருக்கு மேற்படாமல் இருக்கட்டும். இந்த வரம்பில் தளர்வே கூடாது. நோன்பு மாதமானாலும் சரிதான்.

மூன்றாவது, கண்ணால் பார்க்கக்கூடிய சிலவற்றை மட்டும் கட்டாயமாக்க வேண்டும். பீடி இலையும் தூளும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அடுப்பு குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி வேண்டும். மாடிப்படிக்குக் கதவு வேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் சுத்தமாக இருக்க வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டும். மாமி வீட்டில் மூடிக்கும் கதவுக்கும் ஆகும் செலவு, அந்த நான்கு சான்றுகளுக்காக அலையும் கூலிநாட்களின் இழப்பைவிடக் குறைவாகவே இருக்கும். அவர் அதை மகிழ்ச்சியோடு செய்திருப்பார். செய்யச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நான்காவது, அங்கன்வாடி மேற்பார்வையாளர் முன்னறிவிப்பின்றி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது வந்து பார்க்க வேண்டும். பெற்றோர் எந்நேரமும் உள்ளே வரலாம் என்பது விதியாக இருக்க வேண்டும். கதவைத் தாழிட்டுக் குழந்தை பார்க்கும் வீட்டுக்கு உரிமம் கூடாது.

ஐந்தாவது, கேட்கும் அரசு கொடுக்கவும் வேண்டும். பதிவு செய்துகொண்டவருக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலுதவிப் பயிற்சி, குழந்தைகளுக்குச் சத்துமாவு, தடுப்பூசிக் கண்காணிப்பு, மாதந்தோறும் ஒரு மதிப்பூதியம் ஆகியவை கிடைக்குமானால் யாரும் பயந்து ஒளிய மாட்டார்கள். தாமாகவே தேடிவந்து பதிவு செய்துகொள்வார்கள். உரிமம் என்பது தண்டிப்பதற்கான கயிறாக மட்டும் இருந்தால் ஏழை விலகி ஓடுவார். கைதூக்கிவிடும் கயிறாகவும் இருந்தால் பற்றிக்கொள்வார்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பீடித் தொழிலாளர் நலனுக்கென்றே பீடியின்மீது தீர்வை விதித்து, 1976-இல் ஒரு நலநிதி ஏற்படுத்தப்பட்டது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. பீடிக்கு வரி மட்டும் நீங்கவில்லை. அந்த வரியில் ஒரு சிறு பங்கு, பீடி சுற்றும் கைகளுக்குப் பக்கத்தில் தவழும் குழந்தைக்குப் போய்ச் சேர்வது நியாயமல்லவா?

நம் பங்கு

இம்மலரைப் படிக்கும் தோழிகளில் என்னைப் போலப் பீடிக் கூலியில் படிப்பவர்கள் பலர் இருப்பார்கள். வீட்டைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படுகிறோம். கல்லூரிக்கு வந்ததும் சொளவை மறைத்து வைக்கிறோம். நானும் முதலாண்டில் அப்படித்தான் இருந்தேன். ஆனால் படித்தவர்களாகிய நாம் எழுதாவிட்டால், அந்த அலுவலகத்திலிருக்கும் தாளில் எங்கள் தெரு ஒருநாளும் இடம்பெறாது. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் இவ்வாண்டு மரம் நட்டோம். வரும் ஆண்டில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், பகலில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வீடுவீடாகக் கேட்டு எழுதினால் என்ன? அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் என்ன? பேராசிரியர்கள் வழிகாட்டினால் முன்னே நிற்க நான் தயார்.

அக்காள் மகன் இப்போது அங்கன்வாடிக்குப் போகிறான். அவனுக்கு இனிக் கவலையில்லை. ஆனால் சென்ற மாதம் அக்காளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்னும் ஏழெட்டு மாதத்தில் அது தவழத் தொடங்கும். மாமியின் வீட்டுக் கதவு அதற்குள் திறக்குமா என்பதே என் கேள்வி.